ஜீப் வந்தால் முறம் உள்ளே

பாலக்கரை செபஸ்தியார் சந்தில் ஜீப் சத்தம் கேட்டால் முதலில் காணாமல் போவது பீடி முறங்கள்தான். வாசற்படியில் கால் நீட்டி, மடியில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் யாரும் சொல்லாமலே எழுந்துவிடுவார்கள். முறம் கட்டிலுக்கு அடியில் போகும். ஈரச் சாக்கில் சுற்றிய இலைக்கட்டு விறகுக்குப் பின்னால் போகும். ஒருத்தி அவசரத்தில் புகையிலைத் தூளைச் சோற்றுப் பானைக்குள் கொட்டி மூடிவிட்டு, அப்புறம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் வாடை போகாமல் பானையையே பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டாள். ஜீப்பில் வந்தவர்கள் இறங்கி நிற்கும்போது, இவ்வளவு வேலைவெட்டி இல்லாத சந்து திருச்சியிலேயே இருக்காது என்று தோன்றும். ஒருத்தி தலையில் ஒருத்தி பேன் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தச் சந்தில் விதவைகள் கொஞ்சம் அதிகம். காந்தி மார்க்கெட் மூட்டையும் ரயில்வே கூட்ஸ் ஷெட்டும் சாராயமும் சேர்ந்து ஆண்களைச் சீக்கிரம் அனுப்பி வைத்திருந்தன. ஆதரவற்ற விதவைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் மணியார்டரில் பணம் அனுப்பிற்று. எம்பத்திமூணாம் வருஷம் புதிதாக ஓர் உத்தரவு வந்தது. வருமானம் உள்ளவர்களும் பணம் வாங்குகிறார்களாம், தாலுகா ஆபீஸ்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து அவர்களை நீக்க வேண்டுமாம். முதல் நாள் ஜீப் வந்தபோது வெள்ளையம்மாள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு வழி விட்டு உட்கார்ந்து, "யாரு வீட்டுக்குங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கு மணியார்டர் நின்றுவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றிலிருந்து சந்துக்கு எல்லா ஜீப்பும் தாலுகா ஆபீஸ் ஜீப்தான்.

மணியார்டர் நாளுக்கும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். தபால்காரர் சின்னையன் முனையில் சைக்கிள் மணியை அடித்ததும், பணம் வரவேண்டிய பெண்கள் உள்ளே ஓடி எலுமிச்சந்தோலைக் கையில் தேய்த்துக் கழுவுவார்கள். நகக் கண்ணில் ஏறிய புகையிலைக் கறை கையெழுத்துப் போடும்போது தெரியக்கூடாது. சின்னையனுக்குத் தெரியாததா? அவர் பீடியே இந்தச் சந்துப் பீடிதான். ஆனாலும் ஈரக் கையோடு வரும் பெண்களிடம் தாளை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

வியாகுலம்மாள் இந்த ஏற்பாட்டில் கெட்டிக்காரி. புருஷன் தைரியராஜ் வெங்காய மூட்டை சரிந்து போய்ச் சேர்ந்தபோது மகள் லூர்துராணி முட்டிபோட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தாள். அப்போது பிடித்த முறம். மணியார்டர் வீட்டு வாடகைக்குச் சரியாகப் போகும். பீடிக் காசு வயிற்றுக்கு. இதில் எது நின்றாலும் ஒன்று தெரு, இல்லாவிட்டால் பட்டினி. பீடி ஏஜெண்ட் பிச்சைமுத்துவிடம் அவளே போய், "அண்ணே, கம்பெனி நோட்டுல எம்பேரு வேணாம்ணே, உங்க தங்கச்சி பேர்ல எழுதிக்குங்க" என்று சொல்லியிருந்தாள். அவருக்கு இனித்தது. பேர் இல்லாத ஆளுக்குப் போனசும் இல்லை, கேள்வியும் இல்லை.

அடுத்த வருஷம் பங்குனி வெயிலில் ஒரு நாள் சாம்பல் நிற ஜீப் ஒன்று வந்து நின்றது. முறங்கள் உள்ளே போயின. கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்க பீடி சுத்தறவா இருக்காளா?" என்று கேட்டாள்.

சந்தே வியாகுலம்மாளைப் பார்த்தது.

"பீடியாங்க? இந்தச் சந்துல ஆம்பளைங்க குடிக்கிறதோட சரிங்க."

அந்த அம்மாள் சிரித்துவிட்டு, எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டாள். சந்து ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எதிர்வீட்டுக் கமர் ஜஹான், "அக்கா, உனக்கு வக்கீல் வேலைதான் ஏத்தது" என்றாள். வியாகுலம்மாளுக்கும் அன்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வைகாசியில் லூர்துராணிக்கு இருமல் முற்றிற்று. ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலத்திலேயே தொடங்கிய இருமல்தான். பீடிக்காரியின் மகள் இருமுவது பெரிய சேதியா என்று ஆடாதோடைக் கஷாயமும் மிளகு ரசமுமாக ஓட்டிவிட்டார்கள். ஒரு நாள் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தபோது லூர்துராணி இருமினாள். வெட்டி வைத்த இலையின் மேல் சிவப்பாகத் தெறித்தது. அவள் அந்த இலையை மட்டும் எடுத்து மடித்துத் தாவணியில் செருகிக்கொண்டு, அடுத்த இலையில் தூளை வைத்தாள். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள் பாவம்.

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து டி.பி. என்றார்கள். ஊசிக்குத் தினம் வரச் சொன்னார்கள். ஆனி முழுக்க நடந்தும் உடம்பு தேறவில்லை, கழுத்தெலும்பு இன்னும் துருத்திக்கொண்டுதான் வந்தது. டாக்டர் வயசானவர், பொறுமைக்காரர்.

"வீட்டுல வச்சுப் பாத்தா தேறாதும்மா. அந்தத் தூசியிலேயே படுத்துக்கெடக்கு. டி.பி. ஆஸ்பத்திரியில சேத்து நல்ல சாப்பாடு குடுத்துப் பாக்கணும். ஆனா அங்க இடத்துக்குக் காத்திருக்கிறவங்க நெறைய. உங்களுக்கு ஏதாவது கார்டு இருக்கா? பீடித் தொழிலாளர் கார்டு மாதிரி?"

"அது என்ன கார்டுங்க?"

"பீடி சுத்துறவங்களுக்கு மத்திய சர்க்கார்ல ஒரு நல நிதி வச்சிருக்காங்க. அந்தக் குடும்பங்களுக்குன்னே ஆஸ்பத்திரியில தனியாப் படுக்கை ஒதுக்கியிருக்கு. மருந்துச் செலவும் அவங்களது. சந்து சந்தா ஜீப்புல போய்ப் பேரு எழுதினாங்களே, உங்க பக்கம் வரல?"

வியாகுலம்மாள் வெளியே வந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். வீட்டுக்கு வந்த வைத்தியத்தை வாசலிலேயே நின்று துரத்தியிருக்கிறாள். துரத்திவிட்டு ஒரு வாரம் சிரித்திருக்கிறாள்.

பீடிக்காரர்களுக்கான மருந்தகம் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு வாடகை வீட்டு மாடியில் இருப்பதாக விசாரித்துக்கொண்டு, ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினாள். பஸ் நிறையப் பெண்கள், கூடை நிறையக் காதோலையும் கருகமணியும். பாலத்தில் ஏறியதும் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தார்கள். காவேரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மூக்கைச் சுளித்து, "நீங்க மூக்குப்பொடி போடுவீங்களா?" என்று கேட்டாள். எலுமிச்சந்தோல் போட்டுக் கழுவித்தான் வந்திருந்தாள். போகாத வாடை என்று ஒன்று உண்டு.

மாடியில் மேஜைக்குப் பின்னால் அதே கண்ணாடி அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ரங்கநாயகி என்று பலகையில் எழுதியிருந்தது.

"உக்காருங்கோ. என்ன வேணும்?"

"பீடி கார்டு வேணும்ங்க."

"எந்தப் பக்கம்?"

"பாலக்கரைங்க. செபஸ்தியார் சந்து."

"அங்க நானே வந்தேனே. ஒருத்தரும் சுத்தறதில்லேன்னு சொன்னாளே."

"சொன்னது நான்தாங்க."

ரங்கநாயகி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "ஆம்பளைங்க குடிக்கறதோட சரின்னது நீங்கதானா? அதை ஆத்துல போய்ச் சொல்லி நாங்க எல்லாரும் சிரிச்சோம்."

"எம்மக ரத்தமாத் துப்புறாங்க" என்றாள் வியாகுலம்மாள்.

சிரிப்பு நின்றது. ரங்கநாயகி எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் படித்தாள்.

"ஏம்மா அன்னிக்கு அப்படிச் சொன்னேள்?"

வியாகுலம்மாள் மணியார்டரையும் வெள்ளையம்மாளையும் சொன்னாள்.

"அது தாலுகா ஆபீஸ். மாநில சர்க்கார். நாங்க மத்திய சர்க்கார். ரெண்டுக்கும் ஒட்டும் இல்லே, உறவும் இல்லே."

"எங்களுக்கு ஜீப்தாங்க தெரியுது."

"எங்க கார்டு வாங்கினா விதவைப் பணத்தை நிறுத்தணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லே."

"சட்டத்துல இல்லீங்க. ஆனா முறத்தப் பாத்துட்டு வெள்ளையம்மாளுக்கு நிறுத்திட்டாங்களே."

ரங்கநாயகி சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். நேர்மையான பெண்தான்; தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் பழக்கம் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாலுகா ஆபீஸ்ல என்ன பண்ணுவாங்கறதுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது. ஆனா ஒண்ணு கேட்டுக்கறேன். நீங்க எங்கேயாவது பீடி சுத்தலேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேளா?" என்றாள்.

"இல்லீங்க. வாயாலதான் சொன்னது."

"இனிமேலும் போட்டுடாதீங்கோ. அது ஒண்ணு இருந்தா இங்க கார்டு நிக்காது. ரெண்டுல ஒண்ணு பொய்யின்னு ஆயிடும். வர்ற வியாழக்கிழமை நான் வரேன். வேலை செய்யறதை நேர்ல பாத்துத்தான் எழுதணும்னு விதி. முறத்தோட வாசல்ல உக்காந்திருங்கோ. ஏஜெண்ட் கையெழுத்தை நான் வாங்கிக்கறேன்."

சாயங்காலம் தெருக் குழாயடியில் இதைச் சொன்னபோது பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டார்கள். யாருக்கும் முழு நம்பிக்கை வரவில்லை.

"நீ சொல்றது சரிக்கா" என்றாள் கமர் ஜஹான். அவள் புருஷன் உயிரோடு இருந்தான். தையல் கடையில் வேலை. அவளுக்கு மணியார்டரும் இல்லை, பயமும் இல்லை. ஆனாலும் சந்தோடு சேர்ந்து முறத்தை ஒளித்துப் பழகிவிட்டாள். "ஆனா அன்னைக்கே தாலுகா ஆபீஸ்காரனும் வந்து நின்னா? ஒரு முறத்தப் பாத்தா எல்லா வீட்டுலயும் நொழைஞ்சு பாப்பான்."

"பாம்புன்னு தாண்டவும் முடியல, பழுதுன்னு மிதிக்கவும் முடியல" என்றாள் வெள்ளையம்மாள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வியாகுலம்மாள் மட்டும் வெளியே உட்காரட்டும். சரியான ஜீப்பாக இருந்தால் மற்றவர்கள் முறத்தைக் கொண்டுவருவார்கள். இல்லாவிட்டால் இல்லை. தூண்டில் முள்ளில் புழுவாக ஒருத்தி வேண்டியிருந்தது. யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது, வியாகுலம்மாளுக்கும்.

வீட்டில் லூர்துராணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கமர் ஜஹான் நெஞ்செலும்பு சூப் கொடுத்து அனுப்பியிருந்தாள். மிளகு மேலே மிதந்தது.

"குடி. ஆறிப் போவுது."

"அம்மா, கார்டு வேணாம்மா. மணியார்டர் நின்னுச்சுன்னா வாடகைக்கு என்னம்மா பண்ணுவே? ஊசி போட்டுக்கிட்டே இருந்தா சரியாயிடும்."

"டாக்டரு நீயா, அவரா?"

"நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா நீ ஒருத்தியா எத்தன கட்டு சுத்துவே?"

"உன்னக் கட்டிக் குடுத்திருந்தா ஒருத்தியாத்தான சுத்தியிருப்பேன். அப்படி நெனச்சுக்கறேன். குடிடி."

லூர்துராணி குடித்தாள். இரண்டு வாய்க்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். வியாகுலம்மாளுக்கு அவளை அப்படியே எடுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வளர்ந்த பெண்ணை எப்படிப் போட்டுக்கொள்வது? டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள்.

வியாழக்கிழமை ஆடிக் காற்று பேய்க்காற்றாக அடித்தது. இந்த மாதத்தில் யாரும் வெளியே உட்கார்ந்து பீடி சுற்ற மாட்டார்கள். தூள் கண்ணில் விழும், இலை பறக்கும். வியாகுலம்மாள் இலை மேல் அம்மிக் குழவியை வைத்துக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி, வாசற்படியில் உட்கார்ந்தாள். இலையை எடுத்து, தூளை வைத்து, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி முறத்தில் போட்டாள். சந்தில் மற்றக் கதவுகள் ஒருக்களித்திருந்தன. ஒவ்வொரு கதவிடுக்கிலும் ஒரு கண்.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போய் முடிந்த நேரத்தில் ஜீப் வந்தது. கை முறத்தைத் தூக்கப் பார்த்தது. பழக்கம் அப்படி. தொடைக்கு அடியில் கையை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

இறங்கியவர் தாலுகா ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ.

அவர் கெட்டவர் இல்லை. வெயிலில் அலைந்து வேர்க்குரு வந்த கழுத்தோடு, கையில் கட்டுக் காகிதத்தோடு வந்து நின்றார். "வியாகுலம்மாள் யாரும்மா?" என்றார். அப்புறம்தான் முறத்தைப் பார்த்தார். காற்று ஒரு பீடி இலையை எடுத்துக்கொண்டு போய் ஜீப் சக்கரத்தடியில் போட்டது.

எதிர்க் கதவைத் திறந்துகொண்டு கமர் ஜஹான் ஓடி வந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "அது என் முறம்ங்க. பால் பொங்குதுன்னு உள்ள போனேன், அக்காவப் பாத்துக்கச் சொன்னேன்" என்றாள். குனிந்து முறத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்தாள்.

ஆர்.ஐ. இரண்டு பேர் கையையும் பார்த்தார். உண்மை எது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு தாளை உருவி நீட்டினார்.

"சரிம்மா. அவங்க முறமாவே இருக்கட்டும். எந்த வேலையும் செய்யல, வருமானம் இல்லன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. நான் போயிட்டே இருக்கேன். மணியார்டர் எப்பவும் போல வரும்."

கமர் ஜஹான் முறத்தை மெல்ல இழுத்தாள். "போடுக்கா" என்று உதட்டுக்குள் சொன்னாள்.

உள்ளே லூர்துராணி இருமினாள். வெளியே கேட்கக் கூடாது என்று தலையணையில் வாயை வைத்து இருமும் இருமல். இந்தச் சந்தில் எல்லாவற்றையும்தான் ஒளித்தாகிவிட்டது. கடைசியில் பிள்ளை இருமலையும் ஒளிக்கிறது என்று வியாகுலம்மாள் நினைத்தாள். ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

"விடு கமரு" என்றாள். முறத்தைத் தன் பக்கம் இழுத்து மடியில் நன்றாக வைத்துக்கொண்டாள். "என் முறம்தாங்க. எம்புருஷன் செத்ததுலேருந்து நான் பீடிதான் சுத்துறேன். கையெழுத்துப் போட மாட்டேங்க."

"தெரிஞ்சுதான் பேசுறீங்களாம்மா? நான் எழுதித்தான் ஆகணும். பணம் நின்னு போயிடும்."

"தெரியும்ங்க. எழுதிக்குங்க."

அவர் தாளை நீட்டியபடியே வைத்திருந்தார். மாற்றிச் சொல்வாள் என்று பார்த்தார் போலிருக்கிறது. பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். "நீங்களா இப்படிச் சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கலம்மா" என்று சொல்லிவிட்டு, மற்றக் கதவுகளைத் தட்டாமலே ஜீப்பில் ஏறிப் போனார். சந்து பிழைத்தது.

"உள்ளதும் போச்சே அக்கா" என்று கமர் ஜஹான் படியில் உட்கார்ந்து அழுதாள். வியாகுலம்மாள் அழவில்லை. பறந்து போன இலைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, குழவிக்கு அடியில் வைத்து, மறுபடி சுற்றினாள். சோறு தண்ணீர் இல்லாமல் அங்கேயே இருந்தாள். மாதா கோயிலில் பகல் மணி அடித்தபோது மட்டும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெயில் சாய ஆரம்பித்த பிறகு சாம்பல் ஜீப் வந்தது. ரங்கநாயகி இறங்கினாள், பின்னாலேயே ஏஜெண்ட் பிச்சைமுத்து, கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்து வரப்பட்டவர் மாதிரி. ரங்கநாயகி முறத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, "என்னம்மா, உடம்பு சரியில்லியா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லீங்க. எழுதுங்க. வியாகுலம்மாள், தைரியராஜ் பெஞ்சாதி. மக லூர்துராணி."

அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே கமர் ஜஹான் தன் முறத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பிறகு வெள்ளையம்மாள் வந்தாள். இழக்க அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை. மணியார்டர் வாங்கும் இரண்டு பேர் மட்டும் கதவைத் திறக்கவில்லை. அவர்களைத் தப்புச் சொல்ல வியாகுலம்மாளுக்கு வாய் வரவில்லை. நேற்றுவரை அவளும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள். பிச்சைமுத்து ஒவ்வொரு பேருக்கும் பெருமூச்சு விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆவணி பிறந்ததும் லூர்துராணிக்குப் படுக்கை கிடைத்தது. தஞ்சாவூர் ரோட்டில் வெட்ட வெளியில் வேப்பமரங்களுக்கு நடுவில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. சேர்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில்தான் வியாகுலம்மாள் அழுதாள். வாடகைக்காக வீட்டில் பாதியைத் தட்டி வைத்து மறைத்து வெள்ளையம்மாளுக்கு விட்டாள். விளக்கு வைத்த பிறகும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சுற்றினார்கள். சிரமம்தான். வெள்ளையம்மாள் குறட்டை வேறு விடுவாள்.

புரட்டாசி முதல் வாரத்தில் சின்னையன் முனையில் மணி அடித்தார். மணியார்டர் நாள். வியாகுலம்மாள் மடியிலிருந்த முறத்தை இறக்கிவிட்டு எழுந்து, அடுப்படிக்குப் போய், மாடத்தில் எலுமிச்சந்தோலைத் தேடினாள். கை தண்ணீரில் பட்ட பிறகுதான் நினைவு வந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்து, ஓர் இலையை எடுத்துத் தூளை வைத்தாள்.

சின்னையன் போன மாதம் மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு அவள் வாசலைத் தாண்டிப் போனார். இரண்டு வீடு தள்ளிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, என்ன நினைத்தாரோ, பையைத் துழாவிக்கொண்டே திரும்பி வந்தார்.

"வியாகுலம்மா, உங்களுக்கு ஒண்ணு இருக்கு. பணம் இல்ல. கார்டு."

லூர்துராணி எழுத்து. சாய்வாக, நெருக்கமாக இருந்தது. சின்னையன் வாசலில் நின்றபடியே, கேட்காமலே படித்தார். இருமல் குறைந்துவிட்டதாம். முட்டை வேண்டாம் என்று வைத்தால் நர்ஸ் திட்டுகிறாளாம். எடை போட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தாராம். தீபாவளிக்குள் விடமாட்டார்களாம், கிறிஸ்மஸுக்கு வந்துவிடுவாளாம்.

"கையக் கழுவிட்டு வாங்க, தரேன்" என்றார் சின்னையன், வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"எதுக்கு?" என்றாள் வியாகுலம்மாள். புகையிலைத் தூள் அப்பிய கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.